லஹர்டான் கிராமத்து மணி: டைட்டானிக்கில் போன பதினான்கு பேர்

மீனா_மேயோ எழுதியது:

அயர்லாந்தின் மேற்கே மேயோ மாவட்டத்தில் லஹர்டான் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. முதுகுப்பக்கம் நெஃபின் மலை, 806 மீட்டர். இறங்கிப் போனால் கான் ஏரி. சுற்றிலும் புல்வெளி, ஆடு மாடு, சதுப்பு நிலம். கடல் கண்ணில் படாத ஊர், மீன்பிடித் தொழிலும் கிடையாது. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 அதிகாலை 2:20 மணிக்கு இந்த ஊர்க் கோயிலில் மணி அடிக்கிறார்கள். டைட்டானிக் முழுகிய நேரம் அது.

லஹர்டான் இருப்பது அடர்கூல் என்ற பங்கில் (ஒரு கத்தோலிக்கக் கோயிலின் கீழ் வரும் வட்டாரம்). 1912இல் இந்த ஒரே பங்கிலிருந்து பதினான்கு பேர் சேர்ந்து அமெரிக்காவுக்குக் கிளம்பினார்கள். காசில்பாரில் இருந்த கப்பல் முகவரிடம் டிக்கெட் எடுத்து, ஏப்ரல் 11ஆம் தேதி குயின்ஸ்டவுன் துறைமுகத்தில் (இப்போது அதன் பெயர் கோவ்) கப்பலேறினார்கள். பெரும்பாலோர் சிகாகோவில் இருந்த அக்கா, அண்ணன், சித்தி வீடுகளுக்குப் போகிறவர்கள். எல்லாருக்கும் மூன்றாம் வகுப்பு. பதினோரு பேர் திரும்பவில்லை, மூன்று பெண்கள் மட்டும் பிழைத்தார்கள்.

இறந்தவர்களின் பெயர்களை இங்கே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அந்த ஊர் நூறு வருஷம் கழித்தும் சொல்லிக்கொண்டிருப்பது இந்தப் பெயர்களைத்தான்: ஜான் பர்க், அவர் மனைவி கேத்தரின், ஜானின் தங்கை மேரி பர்க், மேரி கேனவன், பேட் கேனவன், பிரிஜெட் டோனஹூ, நோரா ஃபிளெமிங், ஜேம்ஸ் ஃப்ளின், டீலியா மேகன், மேரி மேங்கன், கேத்தரின் மெக்கவன். பிழைத்தவர்கள் ஆனி கேட் கெல்லி, டீலியா மெக்டெர்மட், ஆனி மெக்கவன்.

உறவினர்கள்தான் மணியடிக்கிறார்கள். இறந்த பதினோரு பேருக்கு ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு விட்டு, துக்க மணி. அது முடிந்ததும் பிழைத்த மூவருக்கு மூன்று, வேகமாக, கல்யாண வீட்டு மணி போல. 2012இல், நூறாவது ஆண்டில், ஊர் நடுவே ஒரு நினைவுப் பூங்கா திறந்தார்கள், வெண்கலச் சிலைகளோடு. கோயிலுக்குள் வண்ணக்கண்ணாடிச் சன்னல்களும் உண்டு.

நான் இந்த மாவட்டத்தில் வேலைக்காக வந்து குடியிருப்பவள். ஒரு வருஷம் ஏப்ரலில் போய் அந்த மணியைக் கேட்டேன். ஒரு கிராமம் தன் ஆட்களை இப்படி நினைவு வைத்திருப்பதை நம் ஆட்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.


கேள்விக்குறி எழுதியது:

அக்கா, நன்றாக எழுதியிருக்கிறீர்கள், பெயர்களை முழுசாகப் போட்டதற்கு நன்றி. ஆனால் எனக்கு இதில் ஒரு நெருடல் இருக்கிறது, அதை நேரடியாகவே கேட்டுவிடுகிறேன்.

நடந்தது 1912இல், பூங்கா வந்தது 2012இல். நடுவில் என்ன செய்தார்கள்? கப்பலின் சிதைவை 1985இல் கண்டுபிடித்த பிறகு உலகமே டைட்டானிக் என்று பேச ஆரம்பித்தது. அதன் பிறகுதானே இந்த ஊர்களெல்லாம் எங்கள் ஆளும் அதில் போனார் என்று எழுந்து வந்தன? இப்போது 'அயர்லாந்தின் டைட்டானிக் கிராமம்' என்றே சொல்லிக்கொள்கிறார்கள். அஞ்சலியும் சுற்றுலாவும் ஒரே பலகையில் இருந்தால் எது எதற்காக என்று எப்படிப் பிரிப்பது?

இன்னொன்று. மேயோவிலிருந்து 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்திலும் அதற்குப் பிறகும் லட்சக்கணக்கில் கப்பலேறினார்கள், எத்தனையோ பேர் வழியிலேயே காய்ச்சலில் செத்தார்கள். அவர்களுக்கு யார் ஊர் ஊராக மணி அடிக்கிறார்கள்? பேர்பெற்ற கப்பலில் செத்தவருக்கு வெண்கலச் சிலை, பேர் இல்லாத கப்பலில் செத்தவருக்கு ஒன்றுமில்லை என்றால் அது எனக்கு ஒப்பவில்லை.


தேவகி_டீச்சர் எழுதியது:

தம்பி கேட்டதில் முதல் கேள்விக்கு வரலாற்றுப் பக்கமிருந்து பதில் சொல்லலாம். நூறு வருஷ மௌனம் என்பது மறதி இல்லை.

அப்போது அயர்லாந்தின் மேற்குப் பகுதியில் ஒரு வழக்கம். பிள்ளை அமெரிக்காவுக்குக் கிளம்பும் முந்தைய இரவு, இழவு வீட்டில் விழித்திருப்பது போலவே ஊர் கூடி விடிய விடிய விழித்திருக்கும். பாட்டு, ஆட்டம், சாராயம் எல்லாம் உண்டு, விடிந்தால் ஒப்பாரி. போகிறவரை இனிமேல் பார்க்கப் போவதில்லை என்று அம்மாவுக்குத் தெரியும், அதனால் உயிரோடு இருக்கும்போதே அழுது தீர்த்து அனுப்புவார்கள். 1841இல் மேயோவின் மக்கள்தொகை ஏறக்குறைய 3.89 லட்சம், 1911இல் 1.92 லட்சம். எழுபது வருஷத்தில் பாதிக்குமேல் காலி. எந்த வீட்டை எடுத்தாலும் இந்த இரவை ஒரு முறையாவது பார்த்திருப்பார்கள்.

அப்படி ஏற்கெனவே அழுது அனுப்பிய பிள்ளை நாலே நாளில் கடலில் போய்விட்டது என்றால் அந்தத் தாய் என்ன பேசுவாள்? அடுத்த பிள்ளையும் இதே வழியில்தானே போயாக வேண்டும்? வீட்டில் கப்பல் கதையைப் பேசிக்கொண்டே இன்னொரு பெண்ணுக்கு டிக்கெட் எடுக்க முடியாது. பேசாமல் இருந்தார்கள்.

அப்புறம் நாடே கொந்தளிப்பில் போய்விட்டது. 1914இல் உலகப்போர், 1916இல் டப்ளின் எழுச்சி, பிறகு விடுதலைப் போர், அதன் பின் உள்நாட்டுப் போர். அந்தப் பத்து வருஷத்தில் ஊர்ப் பொதுவிடங்களில் நினைவுக்கல் வைத்ததெல்லாம் துப்பாக்கி ஏந்தியவர்களுக்குத்தான். மூன்றாம் வகுப்பில் வீட்டுவேலைக்குப் போன பெண்களுக்கு யார் கல் நடப் போகிறார்கள்? போதாததற்கு டைட்டானிக் பெல்ஃபாஸ்டில் கட்டிய கப்பல். 1921இல் நாடு இரண்டான பிறகு தெற்கே இருப்பவர்கள் அதைத் தங்கள் கதையாகச் சொந்தம் கொண்டாட அதிகம் காரணம் இல்லை.

லஹர்டானில் இதைவிடப் பழைய நினைவுச்சின்னம் ஒன்றும் இருக்கிறது, மீனா பார்த்திருப்பாள். 1798இல், ஆங்கில ஆட்சியை எதிர்த்த கிளர்ச்சிக்குத் துணையாக வந்த பிரெஞ்சு தளபதி ஹம்பர்ட்டின் படை இந்த ஊர் வழியாக மலைக்கணவாய் ஏறி காசில்பாருக்குப் போனது. அவர்களுக்கு உதவியதற்காக இந்த ஊர்ப் பாதிரியார் ஆண்ட்ரூ கான்ராயைத் தூக்கில் போட்டார்கள். அவருக்கு அங்கே சின்னம் உண்டு. ஆக, நினைவுச்சின்னம் வைக்கத் தெரியாத ஊர் இல்லை அது. யாருக்கு வைக்கலாம் என்ற எண்ணம்தான் மாற வேண்டியிருந்தது, அது மாற நூறு வருஷம் ஆனது.


துறைமுகத்தான் எழுதியது:

நான் சரக்குக் கப்பலில் நிறைய வருஷம் வேலை பார்த்தவன், அதனால் நேரக்கணக்கைக் கொஞ்சம் சொல்கிறேன்.

2:20 என்பது கப்பல் நேரம். அந்தக் காலத்தில் அட்லாண்டிக் கடக்கும் கப்பல்கள் போகப்போக கடிகாரத்தைத் தள்ளி வைத்துக்கொண்டே போகும். டைட்டானிக் கடிகாரம் அன்றைக்கு கிரீன்விச் நேரத்துக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம் பின்னால் ஓடியது. ஆகவே கப்பல் முழுகியபோது கிரீன்விச்சில் காலை ஐந்து மணி தாண்டிவிட்டது. இன்று அயர்லாந்தில் ஏப்ரலில் கோடைக்காலக் கடிகாரம் வேறு, ஒரு மணி நேரம் கூட்டினால் ஆறேகால் சுமார். சரியாகச் சொன்னால் அந்த ஊரில் பொழுது விடியும் தறுவாயில் அடிக்க வேண்டிய மணி அது.

தப்பு என்று சொல்லவில்லை. கப்பலின் கடிகாரம் காட்டிய நேரத்தை ஊர் எடுத்துக்கொண்டிருக்கிறது, அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஏரிக்கரையில் மாட்டுக்குப் புல் போட எழுந்திருக்கும் நேரத்தில் ஊரில் யாருக்கும் எதுவும் தெரியாமல் இருந்திருக்கும் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

மூன்றாம் வகுப்பு விஷயத்துக்கு வருகிறேன், இதை விட்டுவிட்டு அந்த ஊர்ச் சாவைப் பேச முடியாது. கப்பலில் இருந்த படகு மொத்தம் 20, முழுசாக நிரப்பினாலும் 1,178 பேர்தான். இருந்தவர்கள் 2,200க்கு மேல். அந்தக் காலச் சட்டம் படகுகளைக் கணக்கிட்டது கப்பலின் டன் அளவை வைத்து, ஆள் தலையை வைத்து இல்லை. பிரிட்டிஷ் விசாரணைக் கணக்குப்படி முதல் வகுப்புப் பெண்கள் 144 பேரில் 140 பேர் பிழைத்தார்கள். மூன்றாம் வகுப்புப் பெண்கள் 165 பேரில் 76 பேர். அடர்கூல் கணக்கு அதைவிட மோசம். பதினொரு பெண்களில் மூன்று, மூன்று ஆண்களில் ஒருவரும் இல்லை.

அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் மூன்றாம் வகுப்பாரை மற்ற வகுப்புகளிலிருந்து பிரித்து வைக்கச் சொன்னது, தொற்றுநோய் பயம். கதவும் தடுப்பும் கப்பலிலேயே இருந்தன. அவர்கள் படுத்த இடத்திலிருந்து படகுத் தளத்துக்கு நேர் வழி கிடையாது. வழி தெரிந்த பணியாள் வந்து கூட்டிப்போனால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கிராமத்தை விட்டே முதல்முறை வெளியே வந்த பெண்கள் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, அந்தப் பெரிய கப்பலுக்குள், எந்தப் படி எங்கே போகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? பிறகு மெர்சி பிரபு தலைமையில் லண்டனில் நடந்த விசாரணையில் மூன்றாம் வகுப்புப் பயணி ஒருவரையும் சாட்சியாகக் கூப்பிடவில்லை. அவர்களுக்கு எதிராகப் பாகுபாடு நடக்கவில்லை என்று தீர்ப்பு மட்டும் வந்தது.

அப்படி விசாரணைக் கூண்டிலேயே இடம் கிடைக்காதவர்களின் பெயரை அவர்கள் சொந்த ஊர் எழுந்து நின்று சொல்கிறது என்றால், சுற்றுலா வருமானம் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், எனக்கு அதில் வருத்தமே இல்லை.


கேள்விக்குறி எழுதியது:

அண்ணாச்சி, கூண்டில் இடம் கிடைக்கவில்லை என்ற விஷயம் எனக்குப் புதிது, மனதை என்னவோ செய்கிறது. ஆனால் அது என் கேள்வியை இன்னும் கூர்மையாக்குகிறது. வர்க்கத்தால் செத்தவர்கள் என்றால் சின்னத்தில் அது எழுதியிருக்க வேண்டுமே? வெண்கலச் சிலையும் வண்ணக்கண்ணாடியும் அந்தக் கோபத்தைச் சொல்கின்றனவா, இல்லை அழகாக்கி ஆற்றிவிடுகின்றனவா?


மீனா_மேயோ எழுதியது:

ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

டீச்சர் சொன்ன கான்ராய் பாதிரியார் சின்னத்தைப் பார்த்தேன். அதே ஊரில் 1798க்கு ஒன்று, 1912க்கு ஒன்று.

கேள்விக்குறி தம்பி, கோபத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அந்த ஊர் எழுப்பியது குற்றப்பத்திரிகை இல்லை, அது உண்மை. அவர்கள் செய்வது வேறு. ஒவ்வொருவரும் எந்த ஊர்க்காரர், எந்த வீட்டுப் பிள்ளை, ஏன் கிளம்பினார், கூடப் போனது யார் என்று தனித்தனியாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். உதாரணத்துக்கு இந்தப் பதினான்கு பேரும் ஏன் ஒன்றாகப் போனார்கள் என்று பாருங்கள். கேத்தரின் மெக்கவன் ஏற்கெனவே சிகாகோவில் இருந்தவர். ஊருக்கு வந்தார், அண்ணன் மகள் ஆனியைக் கூட்டிக்கொண்டு திரும்புவதாக ஏற்பாடு. அவருடைய சிநேகிதி இன்னொரு கேத்தரின், அவரும் சிகாகோவில் இருந்து வந்து இங்கே ஜான் பர்க்கைக் கல்யாணம் செய்துகொண்டவர். புதுசாகக் கல்யாணமான இந்த ஜோடி நிலத்தை விட்டுவிட்டுக் கிளம்பியது. ஜானின் தங்கை மேரியும் சேர்ந்துகொண்டார். அந்தப் பேச்சு வீடு வீடாகப் பரவி ஒருவரைப் பார்த்து ஒருவர் என்று பதினான்கு ஆனது. தனியாகப் போகப் பயம், தெரிந்தவர்களோடு போனால் தைரியம். எந்தக் கிராமத்திலும் அப்படித்தானே போவார்கள்? பாதுகாப்பு என்று நினைத்துச் சேர்ந்ததே ஒரே ராத்திரியில் அத்தனை வீட்டிலும் துக்கமானது.

ஆனி கேட் கெல்லி பிற்பாடு சொன்னபடி, படகில் ஏறும் நேரத்தில் கேத்தரின் பர்க் கணவனை விட்டு ஏற மறுத்துவிட்டார். மேரி பர்க் அண்ணனை விட்டு ஏற மறுத்துவிட்டார். ஜானோடு சேர்த்து மூவரும் இறந்தார்கள். ஆனி கேட் தப்பித்தார், பின்னாளில் மிச்சிகன் மாநிலம் ஏட்ரியனில் தொமினிக்கன் கன்னியர் சபையில் சேர்ந்து சிஸ்டர் பேட்ரிக் ஜோசப் ஆனார், 1969இல் இறந்தார். இதையெல்லாம் தெரிந்துகொண்டு அந்தப் பூங்காவில் நிற்கும்போது சிலை அழகாக இருக்கிறதா என்ற நினைப்பு வராது, நிஜமாகச் சொல்கிறேன்.

கோயில் சன்னல்களில் ஒன்று கப்பலைப் பற்றியது, இன்னொன்று ஊரை விட்டுப் போனவர்கள் எல்லாரையும் பற்றியது. நீங்கள் கேட்ட பேரில்லாத கப்பல்காரர்களுக்கும் அங்கே இடம் வைத்திருக்கிறார்கள்.


கயல்_82 எழுதியது:

இந்த இழையை அலுவலகத்தில் உட்கார்ந்து படித்துக் கண்கலங்கிவிட்டேன். ஒரு சந்தேகம் அக்கா. பிழைத்த மூவருக்கும் மணி அடிப்பது ஏன்? நினைவுச்சின்னம் என்பது இறந்தவர்களுக்குத்தானே. இறந்தவர் வீட்டார் பக்கத்தில் நின்று கேட்கும்போது, இன்னொரு வீட்டுப் பெண் பிழைத்தாள் என்று சந்தோஷ மணி அடித்தால் அவர்களுக்கு வலிக்காதா? எங்கள் பக்கம் ஒரு விபத்தில் பிழைத்து வந்தவர் இறந்தவர் வீட்டு வாசலில் போய் நிற்கவே கூசுவார்.


துறைமுகத்தான் எழுதியது:

கயல், கடல் தொழிலில் இருப்பவர்களுக்கு இது பழக்கமான விஷயம். ஒரு கப்பலில் போனவர்கள் ஒரு கணக்கு. கரைக்கு வந்தவர், வராதவர் என்று பிறகு பிரியலாம், ஆனால் ஏறும்போது ஒரே பட்டியல். பதினோரு பேரோடு நிறுத்தினால் அந்தப் பட்டியல் அறுந்துவிடும். அந்த ஊர் பதினான்கு பேரை அனுப்பியது, பதினான்கு பேரையும் கேட்கிறது. எனக்கு அது ரொம்பச் சரியாகப் படுகிறது.


மீனா_மேயோ எழுதியது:

அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பிழைத்த மூவரும் ஊருக்கு வந்து வாழவில்லை, அமெரிக்காவிலேயே இருந்துவிட்டார்கள். டீலியா மெக்டெர்மட் நியூஜெர்சிப் பக்கம் குடும்பமாகி 1959இல் இறந்தார். ஆனி மெக்கவன், அந்த அத்தையோடு போன சின்னப்பெண், 1990 வரை சிகாகோவில் இருந்தார். ஊரைப் பொறுத்தவரை பதினான்கு பேருமே போனவர்கள்தான். பிழைத்தவர் வீட்டிலும் பிள்ளை முகம் பார்க்காமல்தான் அம்மா கண்ணை மூடியிருப்பாள்.

டீலியா கதை ஒன்று இங்கே எல்லாரும் சொல்வார்கள். கிளம்பும் முன் புதுத் தொப்பி ஒன்று வாங்கியிருந்தார். படகில் ஏறி உட்கார்ந்த பிறகு தொப்பி கீழே அறையில் இருப்பது ஞாபகம் வந்து, இறங்கிப் போய் எடுத்துக்கொண்டு வந்தார். வந்து பார்த்தால் படகு இறங்கிக்கொண்டிருக்கிறது, கயிற்றேணியில் தொங்கிக் குதித்துத்தான் ஏற முடிந்தது. வெளியாட்கள் கேட்டால் ஒரு தொப்பிக்காகவா என்பார்கள். பணிப்பெண் வேலைக்குப் போகும் கிராமத்துப் பெண்ணிடம் நல்லதாக இருந்த பொருள் அது ஒன்றுதான் என்று வைத்துப் பாருங்கள். அமெரிக்காவில் இறங்கும்போது மரியாதையாகத் தெரிய வேண்டும் என்று காசு சேர்த்து வாங்கியது. உயிரே போனாலும் அதை விட மனசு வராது.


நெறியாளர் எழுதியது:

சினிமா பற்றி வந்த மூன்று பதில்களைத் திரைப்படப் பகுதிக்கு மாற்றியிருக்கிறேன். இந்த இழை ஊரையும் நினைவுச்சின்னத்தையும் பற்றியதாகவே போகட்டும்.


வரைபடம் எழுதியது:

தாமதமாக வருகிறேன். ஒரே வட்டாரத்தில் விகிதப்படி அதிகம் பேர் இறந்தது அடர்கூலில்தான் என்று அவர்கள் சொல்வதைப் படித்திருக்கிறேன். அந்த ஒப்பீட்டில் எனக்கு ஈடுபாடு இல்லை, ஏனென்றால் டைட்டானிக் சாவு இப்படிக் கொத்துக் கொத்தாகத்தான் விழுந்திருக்கிறது. சவுத்தாம்ப்டன் நகரத்தில் மட்டும் 500க்கு மேல், பெரும்பாலும் கரி அள்ளுபவர்களும் பணியாட்களும். லெபனான் மலைக்கிராமங்கள் ஹர்தீன், கஃபர் மிஷ்கி இரண்டிலிருந்தும் கூட்டமாகப் போய்ப் பலர் இறந்தார்கள். பல்கேரியாவில் குமோஷ்ட்னிக் என்ற குக்கிராமத்திலிருந்து எட்டு ஆண்கள், எட்டு பேரும் திரும்பவில்லை, அவர்களுக்கு அங்கே கோயில் வளாகத்தில் ஒரு சின்னம் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் டால்பீட்டியில் நகர்மன்றச் சுவரில் முதல்நிலை அதிகாரி வில்லியம் மர்டாக்குக்கு ஒரு பலகை. இங்கிலாந்தில் கோல்ன் ஊரில் வாத்தியக்குழுத் தலைவர் வாலஸ் ஹார்ட்லிக்குச் சிலை. ஹார்ட்லி உடல் கிடைத்தது, ஊருக்கு வந்தது, ஆயிரக்கணக்கானோர் தெருவில் நின்றார்கள்.

கேள்விக்குறி கேட்ட தாமதத்துக்கும் இதில்தான் விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். உடல் வந்த ஊரில், அல்லது பேர்சொல்லும் பதவியில் இருந்தவர் ஊரில், சின்னம் சீக்கிரம் வந்துவிட்டது. உடலும் வராமல், பதவியும் இல்லாமல், செத்தவர்கள் பணிப்பெண்களும் விவசாயிகளுமாக இருந்த ஊரில் கல் நட ஒரு காரணத்தை ஊரே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. நம் ஊர் நடுகல்லும் பெரும்பாலும் வீரனுக்குத்தானே நின்றது.


தேவகி_டீச்சர் எழுதியது:

உடல் என்று சொன்னதும் மேரி மேங்கனைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கப்பல் முழுகி இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 17ஆம் தேதி, ஹாலிஃபாக்ஸிலிருந்து மெக்கே-பென்னட் என்ற கடலடிக் கம்பிவடக் கப்பலை உடல்களைத் தேட அனுப்பினார்கள். பனிக்கட்டியும் சவப்பெட்டியும் ஏற்றிக்கொண்டு போனது. 306 உடல்களை எடுத்தது, எதிர்பார்த்ததைவிட மிக அதிகம். பெட்டி போதவில்லை, பதப்படுத்தும் மருந்தும் போதவில்லை, அதனால் 116 உடல்களைக் கித்தானில் தைத்து, கால்பக்கம் இரும்பு கட்டி, ஜெபம் சொல்லி மீண்டும் கடலிலேயே விட்டார்கள். எதை விடுவது, எதைக் கரைக்குக் கொண்டுபோவது என்பதை எப்படி முடிவு செய்தார்கள் தெரியுமா? முதல் வகுப்பார் உடல் பெட்டியில் போனது. கடலுக்குத் திரும்பியது பெரும்பாலும் மூன்றாம் வகுப்பாரும் கப்பல் ஊழியர்களும்.

மேரி மேங்கன் உடல் கிடைத்தது. அவரையும் கடலில்தான் விட்டார்கள். உடம்பில் இருந்த பொருட்களைக் குறித்து வைத்தார்கள், ஜெபமாலை, தங்கக் கடிகாரம் என்று. அந்தக் கடிகாரம் குடும்பத்துக்கு வந்து சேர்ந்தது. வீட்டுக்குக் கடிகாரம் வந்தது, பெண் வரவில்லை.

கடலில் கிடந்து எடுத்தும்கூட ஒரு குழி கிடைக்கவில்லை அந்தப் பெண்ணுக்கு. தம்பி கேட்டாரே, வர்க்கம் அந்தச் சின்னத்தில் எழுதியிருக்கிறதா என்று. லஹர்டான் கல்லறையில் இந்தப் பதினோரு பேரில் ஒருவருக்கும் சொந்தக் குழி இல்லை என்பதே அதுதான். அதனால்தான் அந்த ஊருக்கு ஒரு மணியும் ஒரு பூங்காவும் தேவைப்பட்டன.


கேள்விக்குறி எழுதியது:

டீச்சர், கடிகாரம் பற்றிப் படித்த பிறகு ஒரு நாள் முழுக்க எதுவும் எழுதத் தோன்றவில்லை.

இன்னும் ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதமாக இருக்கிறேன். கப்பலின் சிதைவு ஏறக்குறைய 3,800 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. அதிலிருந்து தட்டு, கரண்டி, பயணிகளின் பொருள் என்று ஆயிரக்கணக்கில் மேலே கொண்டுவந்து ஊர் ஊராகக் கண்காட்சி வைக்கிறார்கள். கல்லறை கிடைக்காதவர்களுக்கு அந்த இடம்தான் கல்லறை. அதைக் கிண்டுவதை எதிர்த்து முதலில் குரல் கொடுக்க உரிமை உள்ளவை லஹர்டான், குமோஷ்ட்னிக், ஹர்தீன் மாதிரி ஊர்கள்தான். அவர்களை யாரும் கேட்பதில்லை. மணி அடிப்பதோடு நிற்காமல் அந்த ஊர்கள் ஒன்றாகச் சேர்ந்து அதைக் கேட்க வேண்டும் என்பது என் ஆசை.


துறைமுகத்தான் எழுதியது:

இதில் நான் தம்பி பக்கம். கடலில் ஆள் விழுந்த இடத்தைக் கப்பல் கடக்கும்போது வேகத்தைக் குறைத்து மலர் விடும் வழக்கம் எங்கள் தொழிலில் உண்டு. அந்த இடத்திலிருந்து ஒருவர் சட்டைப்பையில் இருந்ததை எடுத்து விற்பதை எந்த மாலுமியும் ஒப்புக்கொள்ள மாட்டான்.


கயல்_82 எழுதியது:

அக்கா, நானும் என் கணவரும் டப்ளினில்தான் இருக்கிறோம். வருகிற ஏப்ரலில் லஹர்டான் போக நினைக்கிறோம். வெளியாட்கள் வந்து நிற்கலாமா, இல்லை அது உறவினர்களுக்கு மட்டுமான நிகழ்வா? சின்னக் குழந்தை இருக்கிறது, அதிகாலைக் குளிரில் கூட்டிப் போகலாமா?


மீனா_மேயோ எழுதியது:

தாராளமாக வாருங்கள் கயல். நான் போனபோது யாரும் யார் நீ என்று கேட்கவில்லை, பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி எனக்கு இடம் விட்டு நகர்ந்து, அடிக்கும் ஒவ்வொரு மணிக்கும் அது யாருக்கு என்று மெல்லச் சொல்லிக்கொண்டே இருந்தார். படம் எடுப்பதாக இருந்தால் மணி முடிந்த பிறகு எடுங்கள், பெயர் வாசிக்கும்போது வேண்டாம்.

டப்ளினிலிருந்து காசில்பார் வரை ரயில் இருக்கிறது, அதற்கு மேல் அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது, கார்தான். கிராஸ்மொலைனா போகும் ஆர் 315 சாலையிலேயே ஊர் வந்துவிடும். முதல் நாள் பகலிலேயே வந்து பூங்காவையும் சன்னல்களையும் வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள், ராத்திரி ஒன்றும் தெரியாது. ஏப்ரல் என்றாலும் அந்த மலையடிவாரத்தில் குளிர் எலும்பு வரை போகும், மழையும் வரும், குழந்தைக்குக் காதை மூடுகிற மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். காசில்பாரில் தங்குவதாக இருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள், நான் காரில் வந்து உங்களைக் கூட்டிப் போகிறேன்.